ஆனா சாரின் ஈரமான சந்தேகங்கள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் அக்காவுக்கு நடந்தது. ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அவளே சொன்னாள். "எழுதிக்கோ. என்னை அழ மட்டும் வைக்காதே. எழுதி முடிச்சதும் எங்கிட்ட காட்டு" என்றாள். காட்டினேன். அடைப்புக்குறிக்குள் கேட்கும் குரல் அவளுடையது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'வெளியே மழை. ஆய்வுக்கூடத்தின் சன்னலோரம் அவள் ஏக்கத்துடன்

[எங்க லேப்ல சன்னலே கிடையாதுடா.]

விட்டுவிட்டேன்.

2

கதை புரிய வேண்டுமானால் கொஞ்சம் விஞ்ஞானம் வேண்டும். நகத்தளவு சிலிக்கான் வில்லை ஒன்று. அமிலத்தில் ஊறவைத்து, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் உலோகப் படலம். மேல்படலம் ஈரம் உள்ளே நுழையுமளவுக்கு மெல்லியது. காற்றிலிருக்கும் ஈரம் துளைகளில் இறங்கும்போது மின்னேற்றத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. கிடைப்பது துளி மின்சாரம்.

[இவ்வளவு புரிஞ்சதே அதிசயம்.]

இப்படிப் பல வில்லைகளைக் கோத்து, கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்றை அக்கா மாதக்கணக்கில் எரியவைத்திருந்தாள். அன்றைக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. விளக்கு எரிந்தால் ஆய்வு இன்னும் இரண்டு வருடம் ஓடும். எரியாவிட்டால் அறை பக்கத்துத் துறைக்குப் போய்விடும். அவர்கள் தங்கள் பீரோ நுழையுமா என்று கதவை ஏற்கெனவே அளந்து பார்த்துவிட்டார்கள்.

3

அக்காவின் அறையில் ஏசி ஒழுகும். வருடம் முழுக்கப் புகார் எழுதிப் போட்டாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குழு வருகிற அன்று காலையில் மெக்கானிக் வந்தார். மிகச் சிறப்பாகச் சரிசெய்தார்.

"இனிமே ஒரு சொட்டு விழாதும்மா. ரூம் சும்மா சுக்கா காஞ்சிடும்."

காய்ந்தது. விளக்கும் அணைந்தது.

மாதக்கணக்கில் தன் விளக்குக்குத் தீனி போட்டது எது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. படியில் செருப்புச் சத்தம். அவள் கண்ணில் துளிர்த்த ஒரு சொட்டு வில்லையின் மேல் விழ, விளக்கு

[டேய்.]

சரி. அழவில்லை.*

* கண்ணீரில் உப்பு இருப்பதால் வில்லை வீணாகிவிடுமாம். அழாததற்கு அவள் சொன்ன காரணம் இது ஒன்றுதான்.

4

லிஃப்ட் வேலை செய்யவில்லை. குழுவின் மூன்று சார்களும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் தலையாட்டுபவர்கள். மூன்றாமவர் தலைவர். எதைச் சொன்னாலும் 'ஆனா' என்று ஆரம்பிப்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆனா சார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூக்கு வில்லையில் இடிக்குமளவுக்குக் குனிந்தார்.

"எரியலையேம்மா."

"ஏசியால காத்து காஞ்சு போச்சு சார். ஈரம் வேணும்."

"ஆனா, நேத்து எரிஞ்சது இன்னைக்கு எரியலன்னா எப்படி நம்பறது?"

விளக்கு மினுக்கென்றது.

"ஆனா, இது பேட்டரி. எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கே."

நன்றாகவே சிவந்தது. அக்கா வில்லைகள் பதித்த பலகையைத் திருப்பிக் காட்டினாள். "தேடிக்கோங்க சார்."

"ஆனா, உலோகம் அரிச்சும் கரண்ட் வருமே?"

"ரெண்டு பக்கமும் தங்கம் சார். அவ்வளவு லேசுல அரிக்காது."

[எல்லாத்தையும் சுரண்டினாலும் மோதிரத்துக்குப் பத்தாது. நீ கனவு காணாதே.]

ஆனா சார் யோசித்தார். நல்ல பதில். "சரி, ஒத்துக்கறேன்" என்று நிமிர்ந்தார்.

விளக்கு அணைந்தது.

"என்னம்மா இது? ஆனா..." என்று குனிந்தார். எரிந்தது.

தலையாட்டும் சார்களில் ஒருவருக்கு முதலில் சிரிப்பு பீறிட்டது. அக்கா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

"சார், உங்க மூச்சுலதான் எரியுது. நீங்க நம்பி நிமிர்ந்தா அணைஞ்சிடுது. சந்தேகப்பட்டுக்கிட்டே இருங்க."

ஆனா சார் மூச்சை அடக்கினார். இருட்டு. விட்டார். சிவப்பு. மறுபடி அடக்கினார், மறுபடி விட்டார். முகம் அரைக்கால்சட்டை வயதுக்குப் போய்விட்டது.

"தள்ளுங்க சார், நான் ஒரு தடவை" என்று வந்தார் தலையாட்டுபவர்களில் ஒருவர். மற்றவர் வரிசையில் நின்றார். அங்கே கொஞ்ச நேரம் மதிப்பீடு எதுவும் நடக்கவில்லை.

5

இனி முடிவு. குழு ஒன்றும் சொல்லாமல் படியிறங்குவதாக ஒன்று எழுதினேன். இலக்கியமாக இருந்தது, கிழித்துவிட்டேன். பீரோ உள்ளே வந்து, ஒழுகும் ஏசியில் துருப்பிடிப்பதாக இன்னொன்று. ஏசியைத்தான் சரிசெய்துவிட்டார்களே.

அக்கா சொன்ன முடிவு இது. பேனாவைத் திறந்த ஆனா சார், "ரெண்டு வருஷம் தரலாம்" என்றார். பிறகு விளக்கைப் பார்த்தார்.

"ஆனா, ரெண்டு வருஷம் பத்தாதேம்மா."

ரொம்பத் தித்திப்பாக இருக்கிறது, தெரியும். தம்பிக்காரன் அக்காவுக்காகச் சேர்த்ததோ என்று சந்தேகம் வரும். வரட்டும். இந்தப் பக்கத்தை மூக்கு இடிக்குமளவுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, வாய்விட்டுக் கேளுங்கள். கேள்வியை நானே ஆரம்பித்துத் தருகிறேன், மீதி உங்கள் மூச்சு.

ஆனா,