பலகையில் கீறிய சந்தை

எங்கள் நகரசபைத் தவிசாளர் அமெரிக்காவுக்குப் போய் வந்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தேர்தலில் இவருக்குத்தான் நானும் புள்ளடி போட்டேன். தொழிற்சாலைகள் மூடி, சனம் விட்டுப் போன ஒரு நகரத்தை எப்படித் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று படிக்கப் பன்னிரண்டு நாள் போனவர், படித்து வந்தது ஒன்றே ஒன்றுதான். அங்கே ஆளில்லாத வீடுகளின் யன்னல்களைப் பலகையால் அடைத்து, அதில் திரைச்சீலையும் பூச்சாடியும் வர்ணத்தால் கீறியிருக்கிறார்களாம்.

துறைமுகத்தடி மீன் சந்தையின் கூரை விழுந்து நான்கு வருஷம். அன்றிலிருந்து நாங்கள் ஆறு பெண்கள் மீனை வீதியோரத்தில் வைத்து விற்கிறோம். பத்து மணி வெயிலுக்கே மீன் குழைந்துவிடும். போன மாதம் சபையிலிருந்து அளவெடுக்க ஆட்கள் வந்தபோது, கூரைக்குத்தான் என்று நம்பிப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தோம். வந்ததோ பலகை. இடிந்த சந்தையைச் சுற்றி அதை அடித்து, கூரையோடு ஒரு சந்தையைக் கீறிவிட்டார்கள். அதற்குள் மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் நிழலில் இருந்து சிரிக்கிறார்கள்.

இன்று காலை தவிசாளர் நாடா வெட்ட வந்தார். படம் எடுப்பவர்களும் வந்தார்கள்.

"தவமலரக்கா, கூடையைக் கொஞ்சம் அங்கால எடுங்கோ. படத்தை மறைக்குது," என்றார் தவிசாளர்.

நான் எழும்பினேன். கூடையைத் தொடவில்லை.

"தம்பி, அந்த ஊரில சனம் போன பிறகுதானே பலகையில படம் கீறினவங்கள்? நாங்கள் இன்னும் போகேல்ல."