மான் வேட்டை மாதத்தில் ஒரு தனிமைப் பாடம்

காட்டில் தனியே உட்கார்ந்தால் மனத்தின் குரல் கேட்கும் என்று எழுதிவைத்த பழைய அமெரிக்க எழுத்தாளர்களை மிஸ் டிங்லி ஒரு மாதமாக வகுப்பில் பாடம் நடத்திவந்தாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதனால்தான் பதினொன்றாம் வகுப்பைப் பள்ளிக்குப் பின்னாலிருந்த காட்டுக்கு அழைத்துப் போனாள். மெய்ன் மாநிலத்தில் நவம்பர் மான் வேட்டை மாதம். தலைமை ஆசிரியர் ஒரே நிபந்தனையோடு விட்டார்: வேட்டைக்காரர் கண்ணில் பளிச்சென்று படும் ஆரஞ்சு மேலங்கியை யாரும் கழற்றக் கூடாது.

ஆளுக்கொரு மரம். கைபேசி இல்லை. ஒருவர் கண்ணில் ஒருவர் படக் கூடாது. விசில் ஊதினால் திரும்ப வேண்டும்.

ஊதினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். தனக்குக் கேட்டது வயிற்றின் குரல்தான் என்றான் கேடன். சிரித்தார்கள். ஒடெட் என்ற பெண் மட்டும் வரவில்லை.

மறுபடி ஊதினாள். மேட்டுப் பக்கம் ஒரு துப்பாக்கி வெடித்தது. பிள்ளைகள் திரும்பியும் பார்க்கவில்லை, பழகிய சத்தம். மிஸ் டிங்லி மட்டும் திரும்பினாள்.

எல்லாரையும் பள்ளிக்குக் கூட்டிப் போய் அலுவலகத்தில் சொல்லும்படி கேடனிடம் சொன்னாள்.

"அவ எப்பவும் லேட்டுதான் மிஸ்" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினான்.

ஒடெட்டுக்குக் காட்டிய மரத்தடி காலியாக இருந்தது. மேலங்கி கிளையில் தொங்கியது. உள்ளே அவள் போட்டிருந்தது பழுப்புக் கம்பளிச் சட்டை. மான் நிறம்.

மிஸ் டிங்லி மேலங்கியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெயரைக் கத்தினாள். பிறகு காட்டைப் பார்த்து, "சுடாதீங்க, இங்க ஒரு பொண்ணு இருக்கா" என்று கத்தினாள். இன்னொரு வெடி. இம்முறை பக்கத்தில்.

ஓடைக்கரையில் அவள் கண் ஒரு மரக்கட்டையைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. கட்டை இல்லை, ஒடெட். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விசில் கேக்கலையா?"

"கேட்டுச்சு மிஸ்."

"இத ஏன் கழட்டின?"

"அதப் போட்டுட்டு உக்காந்தா யாரோ பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி இருந்துச்சு. தனியா இருக்கற மாதிரியே இல்ல. எல்லாரும் சொல்றாங்கன்னு ஒண்ணச் செய்யாதீங்க, உங்களுக்குச் சரின்னு பட்டதச் செய்யுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

குரலில் கேலி இல்லை. பாடம் புரிந்த பிள்ளையின் குரல்.

"சொன்னேன்" என்றாள் மிஸ் டிங்லி. "இனிமே சொல்லுவேனான்னு தெரியல. கையத் தூக்கு."

மேலங்கியை மாட்டிவிட்டாள். ஜிப் ஏறவில்லை. ஒடெட்டே அதை வாங்கிக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் மிஸ் டிங்லி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பதினாறு வயதுப் பெண். பள்ளி ஜன்னலில் வகுப்பே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒடெட்டின் காது சிவந்தது. கையை விடச் சொல்லவில்லை.