தனக்கே டூப் போட்டவர்

1

“விழச் சொல்லு, விழுவான். விழுந்த இடத்துலயே கிடன்னு சொல்லாத. அது அவனுக்கும் வராது, எனக்கும் வராது.”

“ரெண்டே நிமிஷம்தான் கேக்குறேன். கேமரா மெதுவாப் பின்னால போகும், மலை தெரியும், காத்து வீசும். அவ்வளவுதான்.”

“ரெண்டு நிமிஷம் கிடந்தா அதுக்குப் பேரு நடிப்பு இல்ல மகளே. அடக்கத்துக்கு ஆள் சொல்லி விடணும்.”

[கதை இங்கேதான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் கேட்ட முதல் மூன்று பேச்சு இவைதாம். அதற்கு முன்னால் என்ன பேசிக்கொண்டார்களோ, நான் வருவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.]

இடம், தெற்கு ஸ்பெயினில் தபெர்னாஸ் ஊரில் ரெமேதியோஸ் நடத்தும் மதுக்கடை. ஜனவரி மாதத்து உச்சிவேளை. முதல் குரல் இந்தலேசியோவுடையது. வயது எழுபது; அதில் நாற்பத்தாறு வருஷம் குதிரையிலிருந்து விழுந்தே சாப்பிட்ட மனிதர். இரண்டாவது குரல் நூரியாவுடையது. இந்தலேசியோவின் வாழ்க்கையைப் படமாக எடுப்பதற்காக பார்சலோனாவிலிருந்து வந்திருக்கும் இயக்குநர். முக்கால்வாசி சிரிக்க வைத்து, கடைசியில் அழ வைத்து அனுப்புகிற படம். பேசப்பட்ட ‘அவன்’ கடையில் இல்லை; தெருவுக்கு அந்தப் பக்கம் லாயத்தில் நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தான். குதிரையின் பெயர் ஒபிஸ்போ, அதாவது பிஷப். கழுத்தில் இருக்கும் வெள்ளைப் பட்டைக்காக வைத்த பெயர். வயது இருபத்து மூன்று.

சண்டை தெருமுனை வரை கேட்டது. தெருமுனையில் நான் நின்றுகொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்கிறேன். பிறகு உப்பு வாங்கும் சாக்கில் உள்ளே போனேன். மதுக்கடையில் உப்பு விற்பதில்லை.

ரெமேதியோஸ் வறுத்த நெத்திலித் தட்டை இருவருக்கும் நடுவில் டொக்கென்று வைத்தாள். “சாகடிக்கிறதுன்னா வெளிய போய்ச் சாகடிங்க. இங்க மனுஷங்க சாப்பிடுறாங்க.”

2

இனி ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நூரியா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். இந்தலேசியோவைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். மற்றவர்கள் சிட்டிகை அளவு சொன்னார்கள். நான் படியால் அளந்தேன். ஆனாலும் அவள் பேனா அசையவில்லை. சொல்கிறவளுக்கு எதிரே பேனா அசையாமல் இருந்தால் தாங்காது. ஆகவே நான் இப்படிச் சொன்னேன்: ஒரு முறை வறண்ட ஓடையில் ஒபிஸ்போ விழுந்தது, எழுந்திருக்கவில்லை. இந்தலேசியோவின் கால் அதன் அடியில். கால் மணி நேரம். அவர் அதன் காதைப் பிடித்துக்கொண்டு அழுதார், விடை கொடுத்தார். அப்புறம் குதிரை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

பேனா ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே.

(உண்மையில் நடந்தது: குதிரை விழுந்தது, எழுந்தது. இந்தலேசியோ சாப்பிடப் போனார்.)

குதிரை கண் திறந்ததை மட்டும் நூரியா நீக்கி, அதைச் சாகவிட்டாள். படத்துக்கு முடிவு கிடைத்துவிட்டது. மதுக்கடையில் அவர்கள் சண்டை போட்டது என் பொய்யின் கடைசி வரிக்காக.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்றால், இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர ஒருவருமில்லை. இருபத்தாறு வருஷமாக இந்தத் தெருவில் குடியிருந்து நான் கண்ட பெரிய சௌகரியம் அது.

3

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். கிழிக்க மனம் வரவில்லை.

‘1965-ஆம் ஆண்டு, பொன்னிறக் காலையொன்றில், பதினேழு வயது இந்தலேசியோ தன் கழுதையின் மேல் அமர்ந்து—’

(கழுதையை அதற்கு முந்தின வருஷமே விற்றுவிட்டார்கள். பொன்னிறமும் வேண்டாம்.)

‘பாலைவனம் ஒரு மாபெரும்—’

(என்ன மாபெரும்? வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான்.)

‘அந்தக் காலத்தில் தபெர்னாஸ் ஊரே காலையில் செத்து, மாலையில் வீடு திரும்பும்.’

இது இருக்கட்டும்.

அப்போது இத்தாலிக்காரர்களும் ஜெர்மானியர்களும் அமெரிக்கர்களும் படம் எடுக்க வரிசை கட்டி வந்தார்கள். இந்தப் பாறைகளை ஒரு மாதம் டெக்ஸாஸ் என்றார்கள், மறு மாதம் அரேபியா என்றார்கள். ஊர் ஆண்கள் காலையில் சாயம் பூசிக்கொண்டு செவ்விந்தியர்களாகச் சுடப்பட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குதிரைப்படையின் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு காலையில் செத்த தங்களையே சுட்டார்கள். ரெமேதியோஸின் தாய் பதினோரு படத்தில் செத்தாள். பதினொன்றிலும் பாவாடை விலகாமல் விழுந்தாள். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை பெய்தால் எல்லா வீட்டிலும் ரவையைப் பூண்டும் எண்ணெயும் விட்டுக் கிளறி, மத்தி மீனோடு தின்பார்கள். மிகாஸ் என்று பெயர். அன்று சாயம் வழிந்த முகங்களோடு முந்நூறு செவ்விந்தியர்கள் இதே கடையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே சட்டியிலிருந்து அதைத் தின்றார்களாம். தரையில் சிவப்பு ஓடை. அதைத் துடைக்க ஒரு வாரம் ஆயிற்றாம். சொல்லும்போதெல்லாம் ரெமேதியோஸ் தரையைத்தான் பார்ப்பாள்.

நான் இதில் எதையும் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பார்த்தவர்களை விட இப்போது எனக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் பார்த்தது ஒபிஸ்போவின் நல்ல காலத்தை. முந்தின நாளே தரையைக் கொத்தி, கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சலித்து மெத்தை மாதிரி போட்டு வைப்பார்கள். குதிரை பாய்ந்து வரும். இந்தலேசியோ கடிவாளத்தின் வலது வாரைச் சுண்டுவார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போடுவது போல அது அவ்வளவு அலட்சியமாகச் சரியும். அவர் அதன் காதோரம் கிடந்தபடி ஐந்து வரை எண்ணுவார். நாக்கை ஒரு முறை ‘டக்’ என்று தட்டுவார். குதிரை எழுந்துவிடும்.

ஐந்துதான். ஐந்துக்கு மேல் கிடந்த குதிரைக்குப் படுக்கை ருசித்துவிடும் என்பது அவர் தொழிலின் சட்டம். ஊர் அதை மனப்பாடமாக வைத்திருந்தது. கல்யாண வீட்டில் குடித்துவிட்டு எவனாவது விழுந்தால்கூட எல்லோரும் சேர்ந்து ஐந்து எண்ணுவார்கள். அதற்குள் அவன் எழுந்துவிட வேண்டும்.

4

இந்தலேசியோவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நான் எழுதும் இந்தலேசியோ கொஞ்சம் அதிகமாக நல்லவராக வருகிறார். நிஜமானவர் கர்வி. ஏழு வருஷமாக விழுவதை நிறுத்தியிருந்தவர், இந்தப் படத்தில் மறுபடி விழ ஏன் ஒத்துக்கொண்டார் தெரியுமா? படத்தில் இந்தலேசியோவாக நடிப்பது மாட்ரிட் நடிகர் ஒருவர். அந்த நடிகருக்குக் குதிரை என்றால் நடுக்கம். ஆகவே அவருக்கு டூப்பாக இந்தலேசியோவையே போட்டார்கள். தன் வேஷம் கட்டியவனுக்குத் தானே டூப். இந்தலேசியோ மாதிரி தெரிவதற்காக இந்தலேசியோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஒப்பனை, தலையில் விக். கண்ணாடியைப் பார்த்து “இவன் யாரு, நல்லா இருக்கானே?” என்று கேட்டாராம்.

குதிரை விஷயத்தில்தான் இடித்தது. சண்டைக்கு மறுநாள் நூரியா செவிலியாவிலிருந்து இன்னொரு குதிரையைக் கொண்டுவந்து, அதன் கழுத்தில் வெள்ளைப் பட்டை தீட்டச் சொன்னாள். இந்தலேசியோ வேலிக்கு வெளியே நின்று அதை நெடுநேரம் பார்த்தார். ஒபிஸ்போ காலமெல்லாம் சீவி முடித்த பிடரி வைத்த கதாநாயகக் குதிரைகளுக்காக விழுந்தவன். முகம் காட்டியது அவை. முதுகில் அடிபட்டது இவன். இவன் பெயரும் வருகிற ஒரு படம், அதிலும் இவன் முகம் இல்லை என்றால்? அவர் நெஞ்சுக்குள் எதுவோ கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

(அவர் நெஞ்சு எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர் ரெமேதியோஸிடம் சொன்னார், ரெமேதியோஸ் என்னிடம் சொன்னாள், அவள் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்ந்தேன்.)

அவர் நூரியாவிடம் போனார். விழுவது ஒபிஸ்போதான். ஐந்து எண்ணும் வரை படம் பிடித்துக்கொள், அதற்கப்புறம் கிடப்பதற்குச் செவிலியாக்காரனை வைத்துக்கொள் என்றார். நூரியா சரி என்றாள். ஒரே நிபந்தனை: எண்ணிக்கை வாய்விட்டு வரக் கூடாது, ஒலிப்பதிவு நடக்கும். மாட்டு வைத்தியர் வந்து குதிரையின் காலையும் நெஞ்சையும் பார்த்து, ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

ரெமேதியோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. விதவை. பத்தொன்பது வருஷமாக இந்தலேசியோ அவள் கடையின் பின்மேசையில்தான் இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்; சாப்பிட்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு எதிரே இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுகிறார். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது என்பது என் வாழ்நாள் தோல்வி.

“யோவ், அஞ்சுங்கிறது உன் கணக்கு. அவன் குதிரைக் கணக்குல உன்னைவிடக் கிழவன். சாஞ்சா, நல்லாத்தான் இருக்குன்னு கிடந்துடப் போறான்.”

“அவன் என் பேச்சக் கேப்பான்.”

“அதிசயந்தான். உன்கிட்ட இருந்துகிட்டு அந்தப் பழக்கம் அவனுக்கு எப்படி வந்துச்சு?”

அந்தச் சமயத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஓடைக் கதை கட்டுக்கதை, அதை நம்பி யாரும் விழ வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நூரியாவின் வண்டி வரை போனேன். அவள் தொலைபேசியில் இருந்தாள். காத்திருந்தால் முடித்திருப்பாள். நான் திரும்பி வந்துவிட்டேன். ஊரில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கிற வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ.

5

பிப்ரவரி. மேற்குக் காற்று. ஊரே மடக்கு நாற்காலிகளோடு மேட்டில் ஏறி, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்தது. நூரியா ஒலிபெருக்கியில் எல்லோரையும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னாள். கொறிப்பு நின்றது.

ஒபிஸ்போ வந்தது. பாய்ச்சல் என்று எழுதினேன், அடித்துவிட்டேன், பெருநடை. ஆனால் கழுத்து பழையபடி வளைந்திருந்தது. மண்மெத்தை வந்ததும் இந்தலேசியோ வலது வாரைச் சுண்டினார். கோட்டைக் கழற்றிப் போட்டது போல அதே அலட்சியத்தோடு அது சரிந்தது. புழுதி எழுந்து, அடங்கியது. விக் வைத்த இந்தலேசியோ அதன் காதோரம் கிடந்தார். எண்ணாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாராம்.

“ஒண்ணு” என்றார் எனக்கு முன் வரிசையில் ஒரு கிழவர். அந்தக் காலத்தில் ஆயிரம் தடவை செத்தவர். வேண்டுமென்று சொல்லவில்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது. “ரெண்டு” என்றது ஒரு வரிசை. மூன்றுக்கு மேடு முழுவதும் சேர்ந்துகொண்டது. நூரியா தலையில் கை வைத்தாள். ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்தார்.

“அஞ்சு.”

இந்தலேசியோ நாக்கைத் தட்டினார். ஒபிஸ்போ அசையவில்லை.

மறுபடி தட்டினார். அதன் விலா ஏறி இறங்கியதா, காற்றில் மயிர்தான் அலைந்ததா, மேட்டிலிருந்து தெரியவில்லை.

இந்த ஊரில் யாரும் ஆறு என்று சொன்னதில்லை. அதற்குத் தேவையே வந்ததில்லை. எங்கள் எண்ணிக்கை அங்கேயே நின்றது.

ரெமேதியோஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “ஆறு” என்றாள், யாரையோ அதட்டுவது போல. “ஏழு. என்ன எல்லாரும் பாத்துகிட்டு நிக்கிறீங்க? எண்ணுங்க.”

எட்டிலிருந்து எண்ணினோம். ஒவ்வொன்றையும் முந்தியதைவிட மெதுவாக எண்ணினோம். எண் தீராத வரை எதுவும் முடியாது என்பது போல. இந்தலேசியோ விக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குதிரையின் தாடைக்கு அடியில் கை கொடுத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். பதினாறு. பதினேழு. வழுக்கைத் தலை வெயிலில் தெரிந்தது. இருபத்தொன்று.

6

முடிவுகள்.

(அ) இருபத்து நான்கில் ஒபிஸ்போ தலையைத் தூக்கி, நிதானமாக எழுந்து, உடம்பை உதறி, கீழே கிடந்த விக்கை மோந்து பார்த்துத் தின்னத் தொடங்குகிறது. ஊர் சிரித்து உருள்கிறது.

(ஆ) முப்பதைத் தாண்டியதும் குரல்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. கடைசியில் ரெமேதியோஸ் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பிறகு அவளும்—

(இ) ரெமேதியோஸ் மேட்டிலிருந்து இறங்கிப் போய் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்—

இல்லை.

எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன். எண்ணிக்கை எதில் நின்றது, அப்போது யார் எழுந்து நின்றார்கள், யார் கிடந்தார்கள் எல்லாம் தெரியும். மறுவாரம் நான் இந்தலேசியோவின் வீட்டுக்குப் போனேன். எதையும் வாங்கும் சாக்கில் போகவில்லை. ஓடைக் கதை நான் கட்டியது என்று சொன்னேன்.

“தெரியுமே” என்றார். “கால் என்னோடது. எது அடியில மாட்டுச்சு, எது மாட்டலன்னு எனக்குத் தெரியாதா?”

பின்னே ஏன் நூரியாவிடம் மறுக்கவில்லை என்று கேட்டேன்.

“நல்லாருந்துச்சு. நானே ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.” பிறகு சொன்னார்: “அன்னிக்கு நடந்ததோட முடிவ மட்டும் கதை பண்ணாம விட்டுடு. இது எனக்கு இருக்கட்டும்.”

ஆகவே விட்டுவிடுகிறேன். அந்தக் குதிரையை ஒரு முறை என் வாயால் சாகடித்தாயிற்று. இப்போது அதே வாயால் எழுப்பி நிறுத்தினாலும் அதுவும் யார் கேட்டுச் செய்தது? நீங்கள் இருபத்தொன்றில் இருக்கிறீர்கள். மேலே எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு இருக்கும் வரை எண்ணலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

7

அதன் பிறகு நடந்தவை, எல்லோருக்கும் தெரிந்தவை மட்டும்:

எங்கள் எண்ணிக்கை விழுந்த அந்தக் காட்சி படத்துக்கு உதவவில்லை. செவிலியாக் குதிரைதான் இரண்டு நிமிஷம் கிடந்தது. நடுவில் ஒரு தரம் வாலை ஆட்டியது; அழுதுகொண்டிருந்தவர்கள் கவனிக்கவில்லை. அதன் சொந்தக்காரர் அதைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நூரியா அந்த ஒலிப்பதிவுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வலென்சியாவில் குடியேறினாள். மாட்ரிட் நடிகருக்கு மூன்றாவது விவாகரத்து.

இந்தலேசியோவும் ரெமேதியோஸும் ஏப்ரலில் நகராட்சி அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவள் கடையைத் தன் தம்பி மகளிடம் கொடுத்துவிட்டாள். இருவரும் கடலோரம் கார்போனேராஸுக்குக் குடிபோனார்கள். வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, பெரிய இடம்.

அவர்கள் கிளம்பிய காலையில் லாரி வந்த சத்தம் கேட்டதும் என் ஜன்னல் மறைப்பை அடிவரை இறக்கிவிட்டு, சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலையில் தெருக்காரர்கள் வந்து, லாரியில் என்னென்ன ஏற்றினார்கள், லாரிக்குப் பின்னால் நாலு காலில் ஏதாவது நடந்து போயிற்றா என்று கேட்டார்கள்.

பார்க்கவில்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை.