முக்கியமாக ஓட்டுபவர்

காரின் விலை ஆயிரத்து நானூறு பவுண்டு. அதை ஈவான் தன் பெயரில் காப்பீடு செய்து ஓட்ட வேண்டுமென்றால் வருடத்துக்கு மூவாயிரத்து நூற்று நாற்பது. பதினெட்டு வயது என்பதைத் தவிர அவன் வேறு எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் உட்கார்ந்து கைபேசியில் ஒவ்வொரு கம்பெனியாகத் தட்டிப் பார்த்தான். அவனுடைய அம்மா நெரிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் பேர்ல போட்டா தொள்ளாயிரத்துப் பத்துதான். என்னை ரெண்டாவது ஆளா சேத்துக்கலாம்."

"நான் ஸ்டீயரிங்கைத் தொட்டே பதினோரு வருஷமாச்சுடா."

"லைசென்ஸ் இருக்குல்ல? அது போதும். இந்தத் தெருவுல எவன் தன் பேர்ல போட்டிருக்கான், சொல்லு பாப்போம்."

அது உண்மைதான். வேல்ஸின் ட்ரெடெகர் ஊரில், அந்தச் சரிவான தெருவில் பையன்களின் கார்களெல்லாம் அம்மாக்களின் பெயரில்தான் ஓடின. ஈவானுக்குக் கிடைத்த கிடங்கு வேலை இருபது மைல் தள்ளி. காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். முதல் பஸ் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் கிளம்பும். கார் இல்லையென்றால் வேலை இல்லை.

காரை முக்கியமாக ஓட்டுபவர் யார் என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. அம்மாவின் பெயரை அழுத்தினான். வேலைக்குப் போகப் பயன்படுமா? இல்லை. சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறும் கட்டம் வந்ததும் கைபேசியை அவள் பக்கம் திருப்பினான்.

"நீயே அமுக்கு. உன் பேர்லதானே."

நெரிஸ் கையைத் துடைத்துக்கொண்டு அமுக்கினாள்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வீட்டு டெலித் மட்டும் கிண்டல் செய்வாள். "ஏய் நெரிஸ், உன் கார் மலைப்பாதையில எழுபதுல பறக்குது, நீ இங்க துணி காயப்போட்டுட்டு நிக்கிற. ரெட்டைப் பிறவியாடீ நீ?"

அக்டோபரில், காலை ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது, கிடங்குக்குப் பக்கத்து ரவுண்டானாவில் ஈவான் ஒரு சைக்கிள்காரரை இடித்தான். அறுபத்து மூன்று வயது மனிதர். இடுப்பும் காறை எலும்பும் உடைந்தன. காருக்கு பம்பரில் ஒரு விரிசல், அவ்வளவுதான். போலீஸ் வந்து பார்த்தது. காப்பீடு இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனது.

டெலித் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. "என் அக்கா பையன் விஷயம் தெரியும்ல? பொய்யின்னு கண்டுபிடிச்சா காப்பீடு செல்லாதுன்னுடுவாங்க. அடிபட்டவனுக்கு அவங்கதான் குடுப்பாங்க. அப்புறம் அத்தனையும் உங்கிட்ட வந்து வசூலிப்பாங்க. அக்கா வீட்டை வித்தா."

பதினாறாம் நாள் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து லெதர்பி என்ற விசாரணையாளர் பேசினார். புதன்கிழமை வந்து சும்மா கொஞ்சம் பேசிவிட்டுப் போவதாகச் சொன்னார்.

இரண்டு நாள் அம்மாவும் மகனும் ஒத்திகை பார்த்தார்கள். செவ்வாய் கடைக்குப் போவேன். வியாழன் தங்கையைப் பார்க்க ஆபெர்கவென்னி. அவன் தினமும் நண்பன் வண்டியில்தான் போவான். அன்றைக்கு ஒருநாள் என்னிடம் காரை வாங்கிப் போனான். பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்? வலது பக்கம். டயரில் எவ்வளவு காற்று? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள்.

லெதர்பி தாத்தாவாகும் வயதில் இருந்தார். செருப்புத்துடைப்பானில் காலை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். டீயில் இரண்டு சர்க்கரை போட்டுக்கொண்டார். நெரிஸ் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நோட்டு மடியில் இருந்தது. ஆனால் ஒரு வரிகூட எழுதவில்லை.

"நல்லது. ரெண்டு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பறேன்" என்று எழுந்தார்.

கார் வீட்டின் பின்சந்தில், மூக்கு சுவரிலிருந்து ஒரு முழமே தள்ளி நின்றது. லெதர்பி பானெட்டுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைந்து பம்பரைக் குனிந்து பார்த்தார்.

"இடமே இல்லையே. நெரிஸ், கொஞ்சம் பின்னால எடுக்கறீங்களா?"

"நான் எடுக்கறேன்" என்று ஈவான் முன்னால் வந்தான்.

"வேணாம் தம்பி. அம்மாவே எடுக்கட்டும். அவங்க வண்டிதானே."

நெரிஸ் ஏறி உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. மகனின் நீளக் கால்களுக்குத் தள்ளி வைத்த இருக்கை. அதை இழுக்கும் கம்பி எங்கே என்று தெரியாமல் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. கியர் தலையில் ரிவர்ஸ் எங்கே என்று வரைந்திருந்தது. அந்தத் திசையில் தள்ளினாள். போகவில்லை. மறுபடியும் தள்ளினாள். இந்த முறை ஏதோ ஒரு பள்ளத்தில் போய் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். லெதர்பி காருக்கு முன்னால் இல்லை. இடுக்கிலிருந்து வெளியேறி, பின்வாசலின் மூன்றாவது படியில் ஏறி நின்றுகொண்டிருந்தார். பின்னால் போகப்போகிற காருக்கு முன்னால் நிற்பதில் என்ன ஆபத்து? அவள் பின்னால் போக மாட்டாள் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அது புரிவதற்குள் கால் கிளட்சை விட்டுவிட்டது. கார் ஒரே எம்பாக எம்பிச் சுவரில் மோதி நின்றது.

லெதர்பி நிதானமாக இறங்கி வந்து ஜன்னல் அருகே குனிந்தார்.

"கியர் தலைக்குக் கீழ ஒரு வளையம் இருக்கு பாருங்க. அதை மேல தூக்கிப் பிடிச்சாத்தான் ரிவர்ஸ் விழும். தினமும் ஓட்டுறவங்க கை அதைத் தானாத் தூக்கும்."

கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கிடங்கு வாசலில் இந்தக் காரின் எண் பதிவான நாட்கள். நூற்று அறுபத்தொன்பது காலைகள். அவருக்கு வருவதற்கு முன்பே எல்லாம் தெரியும்.

"காப்பீட்டுப் படிவத்தை யார் நிரப்பினதுன்னு மட்டும் நீங்க சொல்லணும். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதா? ஒருத்தர் மட்டுமா? ஏமாத்துனவங்க பட்டியல்ல யார் பேர் ஏறணுமோ அது ஏறும். அப்புறம் அதை அழிக்க முடியாது."

நெரிஸ் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். ஏமாற்று வழக்கில் பெயர் வந்தவளை அங்கே ஒருநாள் வைத்திருக்க மாட்டார்கள். அது ஈவானுக்கும் தெரியும்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். "நான்தான் நிரப்பினேன். எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அவன்கிட்ட சொன்னேன்."

லெதர்பி திரும்பினார். "அப்படியா தம்பி?"

ஈவான் சுவரைப் பார்த்தான். காரைப் பார்த்தான். நெரிஸ் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்ன சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்பது அவளுக்கே தெளிவாக இல்லை.

"ஆமா" என்றான்.

லெதர்பி முதல்முறையாக நோட்டைத் திறந்து எழுதினார். நெரிஸ் கார் கூரையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவர் பேனாவை வாங்கி மூடினார்.

"தம்பிக்கும் ஒண்ணு சொல்லிடறேன். காப்பீடு செல்லலைன்னா, ஓட்டினவர் காப்பீடு இல்லாம ஓட்டினவர். தெரிஞ்சு செஞ்சாரா தெரியாம செஞ்சாரான்னு அதுல கேக்க மாட்டாங்க. லைசென்ஸ்ல ஆறு தண்டனைப் புள்ளி. புதுசா லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு ஆறே போதும், பிடுங்கிடுவாங்க."

வணக்கம் சொல்லிவிட்டுச் சந்தோரமாக நடந்து போனார்.

"அப்படின்னா நான் எதுக்கு ஆமான்னு..." என்று ஆரம்பித்தான் ஈவான்.

நெரிஸ் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் அதை முடிக்கவில்லை.