ஒரு பூஜ்யம் கூடுதல்

கார் கொட்டகையைத் திருடன் உடைத்த மறுநாளே நோலா சொல்லிவிட்டாள், வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வராவிட்டால் தான் டல்சாவில் தங்கை வீட்டோடு போய்விடுவதாக. அவள் புருஷன், அறுபத்திரண்டு வயது வெர்லினுக்கு அவள் இல்லாமல் முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. ஆகவே வாழ்நாளில் முதல் தடவையாகக் கைத்துப்பாக்கி வாங்கக் கிளம்பினான்.

முதல் தடவை என்று வெளியே சொல்ல முடியுமா? ஓக்லஹோமாவில் பிறந்த ஆம்பிளை துப்பாக்கிக் கடையில் நின்று "எனக்குத் தெரியாது" என்பதற்கு, சர்ச்சுக்கு அம்மணமாகப் போய்விடலாம்.

கடைக்காரர் ராய்ஸ் பளபளவென்று ஒரு முப்பத்தெட்டு காலிபர் ரிவால்வரை எடுத்து வைத்தார்.

"தோட்டா எதுண்ணே வேணும்? சுட்டுப் பழக முழுசா செம்பு போர்த்தினது. வீட்டுக்குன்னா மூக்குல குழி வச்சது. பட்டதும் விரிஞ்சுடும், சுவரைத் துளைச்சு அடுத்த ரூமுக்குப் போறது கொஞ்சம் கம்மி."

"எனக்கே பாடம் எடுக்குறீங்களா? எங்கப்பா தொட்டில்லயே எனக்குத் துப்பாக்கி குடுத்தவரு!"

அப்பா பல் டாக்டர்.

அங்கே ரிவால்வரை மட்டும் வாங்கிக்கொண்டு, தோட்டாவை நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெரிய கடையில், கேள்வி கேட்க ஆளில்லாத அலமாரியில் எடுத்தான். ஒரு பெட்டியில் 38 என்றிருந்தது. பக்கத்துப் பெட்டியில் 380. பூஜ்யம் கூடினால் பலமும் கூடத்தானே செய்யும்? நோலாவின் உயிர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்ப்பானா! 380-ஐ எடுத்தான். வீட்டில் போட்டுப் பார்த்தபோது தோட்டா உள்ளே வழுக்கிப்போய் லொடலொடத்தது. நல்ல துப்பாக்கி தாராளமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினான்.

"கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாய்யா?" என்றாள் நோலா.

"நான் எவன்கிட்ட கேக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை முதுகுவலி என்று அவன் சர்ச்சுக்குப் போகவில்லை. சாய்வு நாற்காலியில் கண் அசந்தபோது பின்கதவு மெல்லக் கிறீச்சிட்டது. திருடன்! மடியிலிருந்த ரிவால்வரைத் தூக்கி, திறந்த கதவில் தெரிந்த உருவத்தைப் பார்த்து விசையை அழுத்தினான்.

டிக். இன்னொரு டிக்.

"சர்ச் விருந்துக்குக் கேசரோல் பாத்திரத்தை மறந்துட்டேன்யா," என்றாள் நோலா, வெளுத்த முகத்தோடு. "நீ தூங்குவியேன்னுதான் சத்தமில்லாம வந்தேன்."

வெர்லின் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

மறுநாள் ராய்ஸிடம் அந்தப் பெட்டியை நீட்டினான். ராய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, இது வேற துப்பாக்கிக்கான சரக்கு. ரொம்பக் குட்டை, அடியில தடுத்து நிறுத்த விளிம்பும் கிடையாது, உள்ள வழுக்கிடும். உங்க ரிவால்வர் சுத்தியல் இதைத் தொடக்கூடத் தொடாது. சரியானதா எடுத்துத் தரவா?"

"வேணாம்," என்றான் வெர்லின். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் குரல் தாழ்ந்திருந்தது. "இதுலயே இன்னொரு பெட்டி குடுங்க."