கண்டதெல்லாம் மஞ்சள்

கதிரவனின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தவள் அவன் மனைவி செல்வலட்சுமிதான். பார்த்ததும் பயந்தாள். பயந்ததற்குத் திட்டும் வாங்கினாள்.

"கந்தகத்துல புரள்றவன் கண்ணு வேற எப்படி இருக்கும்? துண்டப் பாரு, நகத்தப் பாரு. எல்லாம் கம்பெனி மஞ்சள்தான்" என்றான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை அவனுக்கு. "காமாலக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்ம்பாக. ஒஞ் சேல எனக்குப் பச்சையாத்தானே தெரியுது? பெறகென்ன காமால?"

ஊரே பட்டாசு வேலை பார்க்கும் எம். புதுப்பட்டியில் இந்த நியாயத்தை மறுத்துப் பேச ஆள் கிடையாது. அவளும் அதை நம்பினாள். சோற்று வாசனைக்கே அவன் குமட்டிக்கொண்டு ஓடிய பிறகுதான், நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவனை விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா அவன் இமையை இழுத்துப் பார்த்தார். "காமாலையேதான்."

"எனக்கு எதுவும் மஞ்சளாத் தெரியலையே, டாக்டரம்மா?"

"தெரியாதுய்யா. அது சும்மா பழமொழி. காமாலை வந்தவனுக்கும் பச்சை பச்சையாத்தான் தெரியும். போன மாசம் வெளிச் சாப்பாடு ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? மீன், சிப்பி?"

செல்வலட்சுமிக்குப் போன மாதம் சமைத்த சிப்பி நினைவுக்கு வந்தது.

சிப்பி கொண்டுவந்தவன் அவளுடைய அண்ணன் தனுஷ்கோடி. தூத்துக்குடிக்குப் பட்டாசு லோடு ஓட்டுகிறவன். மாசமாக இருக்கிற தங்கைக்கு ருசியாக ஏதாவது தரவேண்டும் என்று ஒரு பை நிறையத் தூக்கிவந்தான். "கடல்ல பொறுக்குனதில்ல தங்கச்சி. ஓடை கடல்ல சேர்ற எடத்துல கயிறு கட்டி வளக்கிறாக. பண்ணைச் சரக்கு, சுத்தம்" என்றான்.

அவள் சட்டியை ஏற்றினாள். சிப்பிகள் வாய் பிளக்கும் நேரத்தில் வாசலில் கதிரவனின் சைக்கிள் மணி கேட்டது. பட்டாசு வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. வேலைக்குப் போன ஆள் உடம்பெல்லாம் மருந்தோடு படியேறுமுன் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். குளித்து வந்த பிறகுதான் மறுபடி நெருப்பு. அவசர அவசரமாகத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். வாய்தான் பிளந்துவிட்டதே, வெந்திருக்கும் என்று அப்படியே மசாலாவைப் புரட்டி வைத்துவிட்டாள். பஞ்சு மாதிரி இருக்கிறது என்று கதிரவன் மெச்சினான். அதையெல்லாம் இப்போது டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"பஞ்சு மாதிரி இருந்தா வேகலைன்னு அர்த்தம்" என்றார் டாக்டரம்மா. "சிப்பி நாள் முழுக்கத் தண்ணிய இழுத்து வடிகட்டுற பிராணி. சாக்கடை கலந்த ஓடையில வளந்தா அதுல இருக்கிற வைரஸெல்லாம் அதோட வயித்துல தங்கிரும். வாய் பிளந்ததும் இறக்கினா கிருமி சாகாது. ஆமா, நீயும் சாப்பிட்டியாம்மா?"

"ரெண்டு உசுருக்குத் தின்னுன்னு பெருசாப் பாத்து அவுகதான் ஊட்டிவிட்டாக."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அவளது வயிற்றையே பார்த்தார்.

"ரத்தம் குடுத்துட்டுப் போ. நிறைமாசத்துல இது வந்தா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. குமட்டல் எடுத்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ உடனே ஓடி வந்துரணும்."

வெடிக்குப் பயப்படுவது செல்வலட்சுமிக்குப் பழகிய விஷயம். அதற்குச் சத்தம் உண்டு. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடலாம். இது உள்ளேயே உட்கார்ந்திருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தால் பயந்தாள். உதைக்காவிட்டால் இன்னும் பயந்தாள். நெருப்புக்கு அஞ்சி அணைத்த அடுப்பை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ரத்தச் சோதனை முடிவு வருவதற்குள், ஒரு காலையில் கஞ்சி வாசனை அவளைக் குமட்டியது. மாசமாக இருந்தால் குமட்டத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த கதிரவனின் கட்டிலுக்கு வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் முன்னால் குனிந்தாள்.

"இங்கன பாருங்க. எங் கண்ணு எப்படி இருக்கு?"

அவன் கட்டைவிரலால் அவளது இமையை இழுத்துப் பார்த்தான்.

"காமாலக்காரன்ட்ட வந்து கேக்கியே, புள்ள" என்று சிரிக்கப் பார்த்தான். "எனக்குக் கண்டதெல்லாம் மஞ்சளால்ல தெரியும்."

அவள் விடவில்லை. முந்தானையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன நெறம்? சொல்லுங்க."

"பச்ச" என்று சொல்லிவிட்டுக் கதிரவன் விம்மி அழுதான்.