மூடிய டிரம்மில் இறங்கிய தண்ணீர்

“டிரம்மத் திறந்தது யாருன்னு நான் கேக்கல. ஒரு சாண் தண்ணி எங்கடி போச்சு?”

“ஒரு சாண் குடிக்க நான் என்ன மாடா அண்ணி?”

சலவைக்காரியும் அவள் நாத்தனாரும் போட்ட சத்தத்தில் நாலு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஐந்தாவது வீட்டு ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. விஷயம் இவ்வளவுதான்: செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து, சமையலறையில் மூடிபோட்டு வைத்திருந்த நீல டிரம்மில் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டை இல்லை, தரையில் ஈரமும் இல்லை. நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் பகல் பொழுதெல்லாம் வீட்டில் தங்கவில்லை.

அதே ஒன்பது மணிக்குத்தான் தெருவுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பெரிய மோட்டார் ஓட ஆரம்பித்திருந்தது. அங்கே நிலக்கரிக்காகக் குழி தோண்டப் போகிறார்கள். தோண்டினால் யார் கிணறு வற்றும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமே! அதற்காக, நீர்மட்டம் அளக்க ஆபீஸிலிருந்து வந்த அளவுக்காரம்மா மூன்று நாள் விடாமல் நிலத்தடி நீரை இறைத்து, சுற்றிலும் இறக்கிய பன்னிரண்டு குழாய்களில் மட்டம் பார்த்தாள். ஒன்றிலும் ஒரு விரற்கடை குறையவில்லை. ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிவிட்டால் குழி தெருமுனை வரைக்கும் வந்துவிடும். கிணறு போனால் சலவைக்காரி எதில் துவைப்பாள்? மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை மோட்டார் நின்றது. டிரம்மில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சலவைக்காரி கண்ணால் பார்த்தாள். நாத்தனார் கேட்காமலேயே அவளுக்குக் காபி கலந்து வைத்தாள். அவள் அகராதியில் மன்னிப்பு என்றால் அதுதான். பிறகு நேரே பொட்டலுக்குப் போனாள்.

“அம்மா, உங்க மோட்டார் நின்னா என் டிரம் ரொம்புதுங்க.”

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அளவுக்காரம்மா வந்து, டிரம்முக்குள் டேப்பை விட்டு, சாயங்காலம் வரை குறித்தாள். முதலில் வேகமாக, போகப்போக மெதுவாக, இறைத்த கிணறு ஊறுகிற அதே கணக்கில் ஏறியது. “இது பொய் சொல்லல. என் குழாய்ங்கதான் ஊமையா நிக்குது” என்றாள். துளை போட்டபோது இறங்கிய சேறு குழாய்களின் அடியை அடைத்திருந்தது. கழுவிவிட யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரம் கழுவி, மறுபடி மோட்டார் போட்டாள். பன்னிரண்டிலும் மட்டம் டிரம்மோடு சேர்ந்து இறங்கியது.

“டிரம்ம நம்பியா ரிப்போர்ட் எழுதினீங்க?” என்றார் பெரிய அதிகாரி.

“குழாயத்தான் எழுதியிருக்கேன் சார். டிரம்மக் கேட்டுக்கிட்டு எழுதினேன்.”

குழியின் எல்லை மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனது. அளவுக்காரம்மாவின் சேற்றுச் சட்டைகளை வேறு யாரும் தொடச் சலவைக்காரி விடவில்லை. மாற்றலாகிப் போன அன்று அந்தம்மா போட்டிருந்த சட்டை, வாங்கிய நாளில்கூட அவ்வளவு வெளுப்பாக இருந்திருக்காது.

கோபித்துக்கொண்ட மூன்று நாளும் நாத்தனார் எங்கே போய் உட்கார்ந்திருந்தாள் என்பது மறுவருஷம்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மோட்டார் ஓட்டுகிறவனையே கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். அவன் எங்கே மோட்டார் இறக்கினாலும் இவள் அக்கம்பக்கத்துச் சமையலறைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறாளாம். ஆபீஸ் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே போட்டுவிட்டார்கள்.